வெல்வெட் சட்டை போட்ட லேப்டாப்

எங்கள் வீட்டில் உடுப்பு இல்லாத பொருள் கிடையாது. டீவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை, ஃபிரிட்ஜின் தலையில் இரண்டு பக்கமும் பை தொங்கும் விரிப்பு, அதன் கைப்பிடிக்குத் தனியாக ஒன்று, கேஸ் சிலிண்டருக்குச் சுருக்கம் வைத்த பாவாடை. எல்லாம் என் மாமியார் தைத்தவை. கடலூரை ஒட்டிய எங்கள் ஊர் குடிகாட்டில் தெருப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைத்துத் தருபவர் அவர். வெட்டியதுபோக மிஞ்சிய துணியைத் தூக்கி எறிய அவருக்கு மனசே வராது. ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் எனக்கும் ஒரு உறை தைத்து மாட்டிவிடுவார் என்று, கல்யாணமாகி வந்த புதிதில் என் கணவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

லேப்டாப் வாங்கச் சொன்னதும் மாமியார்தான். மாமனார் பக்கவாதத்தில் படுப்பதற்கு முன்னால் நான் கடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். வேலையை விடச் சொல்லி யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கணவருக்குத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. மாமியார் ஒருவரால் மாமனாரைத் தூக்கி உட்காரவைக்க முடியாது. விட்டுவிட்டேன். மாமனார் காலமான பிறகு மறுபடியும் பள்ளிக்கூடங்களின் படி ஏறினேன். போன இடத்தில் எல்லாம், "இவ்ளோ வருஷம் கேப் விழுந்திருக்கே மேடம்" என்றார்கள். நான் என்னவோ ஜெயிலில் இருந்துவிட்டு வந்ததைப்போல அதைச் சொன்னார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சிரித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

அந்தச் சமயத்தில் பழைய பள்ளித் தோழி ஒருத்தி ஒரு செய்தி சொன்னாள். வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தர ஆள் தேடுகிறார்களாம். சென்னையில் ஒரு பெண்மணி இதை ஒருங்கிணைக்கிறார். ஒரு டெமோ வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். பெற்றோர்களும் கூட உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்துப்போனால் வேலை நமக்கு. இடைவெளியைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

"அவரப் பாத்துக்கத்தான நீ வேலைய வுட்ட? இப்ப அவரும் போய்ச் சேந்துட்டாரு. இன்னும் எதுக்கு இந்த அடுப்பக் கட்டிக்கினு அழுவுற? அந்தப் பொட்டிய வாங்கு மொதல்ல" என்றார் மாமியார்.

பெட்டி வாங்குவது என்று முடிவானதும் ஆளுக்கொரு கருத்து கிளம்பியது. கணவர் தன்னோடு வேலை செய்யும் நண்பரிடம் யோசனை கேட்டுக்கொண்டு வந்தார். "புதுசுதான் வாங்கணும்ன்றான். பழசு வாங்குனா தலவலியாம்" என்றார். நான் போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒவ்வொருவனும் பெட்டியைப் பிரித்து, லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டி, "வேற லெவல்" என்றான். எந்த லெவலிலிருந்து எந்த லெவல் என்று எவனும் சொல்லவில்லை. எனக்கு வேண்டியது மூன்றே விஷயம். என் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும். முகமும், திரையிலேயே எழுதும் பலகையும் ஒரே நேரத்தில் திக்காமல் ஓட வேண்டும். கரண்ட் போனால் வகுப்பு முடியும்வரை தாக்குப்பிடிக்க வேண்டும்.

கடலூர்க் கடையில் எங்கள் கைக்கு எட்டும் விலையில் புதுசு இருந்தது. பார்க்க அவ்வளவு லட்சணம். நான் அதில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, கூடவே பலகையைத் திறந்து ஒரு கோடு போட்டேன். நான் விரலை எடுத்த பிறகுதான் அந்தக் கோடு மெதுவாகக் கிளம்பி வந்தது. கடைக்காரர், "போகப் போக செட் ஆயிடும் மேடம்" என்றார். செட் ஆவதற்கு அதென்ன செருப்பா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். கணவர் கடைக்காரரைப் பார்த்து மன்னிப்பாகச் சிரித்துவிட்டு என் பின்னால் வந்தார்.

அடுத்த ஞாயிறு சிதம்பரம் போனோம். எங்கள் ஊர் கடலூர்–சிதம்பரம் சாலையில்தான் இருக்கிறது, பஸ் ஏறி உட்கார்ந்தால் முட்லூர் தாண்டிச் சிதம்பரம். அங்கே கல்லூரிப் பிள்ளைகள் நிறைய என்பதால், பெரிய அலுவலகங்கள் கழித்துப்போட்ட லேப்டாப்களைச் சரிபார்த்து விற்கும் கடைகள் உண்டு. மேல வீதிப் பக்கம் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த சின்னக் கடைக்குப் போனோம். கறுப்பு நிறத்தில் கனமான ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர். ஒரு மூலையில் கீறல், மூடியில் ஸ்டிக்கரைப் பிய்த்த பசைத் தழும்பு. கோடு போட்டேன். விரலோடு வந்தது.

"ஓடட்டும். வீடியோவயும் போட்டு வைங்க. நாங்க சாப்ட்டுட்டு வந்து பாக்கிறோம்" என்றேன்.

"மாப்ள பாக்குற மாதிரி பாக்குறீங்களே மேடம்."

"மாப்ளய இவ்ளோ நேரம் பாக்க வுடல" என்றேன். என் கணவர் தெருவில் போன மாட்டை மும்முரமாகப் பார்த்தார்.

சாப்பிட்டு, கோயில் வாசல் வரைக்கும் நடந்துவிட்டு வந்து பார்த்தபோதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கை வைத்துப் பார்த்தேன். மிதமான சூடுதான். எனக்குப் பிடித்துவிட்டது. கணவர் மட்டும் படியிறங்கும்போது, "நம்ம வூட்ல ஒரு ரேடியோகூட செகண்ட் ஹேண்ட்ல வாங்குனது இல்ல" என்றார். "ஏதாவது ஆச்சின்னா என்னக் கேளு மாமா, நானாச்சு" என்றேன். அந்த வாக்கு பின்னால் என்னை நன்றாக அலைக்கழித்தது.

வீட்டு வாசலில் மாமியார் ஆரத்தி சுற்றினார். லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். கீறலின் மேலேயே பார்த்து வைத்ததால் கீறல் மறைந்துபோனது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் இஞ்ச் டேப்பால் அதை அளந்து முடித்திருந்தார். மறுநாள் அது உடுத்திக்கொண்டது. யாரோ பட்டு ரவிக்கைக்குக் கை வைக்கக் கொடுத்து மிஞ்சிய அரக்கு வெல்வெட். மூடிக்குத் தனி, உடம்புக்குத் தனி. விசைகள் இருக்கும் இடத்தில் ஜன்னல்போல வெட்டி ஓரம் அடித்திருந்தார். சார்ஜர் ஒயர் நுழைய ஒரு காஜா. சுற்றிலும் ஜரிகை லேஸ். அடியில் மேஜை அழுத்தாமல் இருக்கப் பஞ்சு வைத்துத் தைத்திருந்தார். சும்மா சொல்லக்கூடாது, அழகாக இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். மாமியார் ஜரிகை லேஸை நீவிவிட்டபடி நின்றார். முகம் பூரித்திருந்தது.

டெமோவுக்கு முன்னால் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். சிறிது நேரத்தில் உள்ளே விசிறி இரைய ஆரம்பித்தது. பிறகு விசைகள் சுட்டன. ஒயர் சொருகியே இருந்தும் சார்ஜ் ஏறவில்லை. ஏறாதது மட்டுமா, இறங்கியது. புது வீட்டுக்கு வந்த பதற்றம் என்று நானாகவே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாம் ஆசைப்பட்டு எடுத்த பொருளில் குறை இருக்கிறது என்று ஒப்புக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்?

டெமோ அன்று சாயந்திரம், நல்ல புடவை கட்டி, போனிலிருந்து இண்டர்நெட் எடுத்து, உட்கார்ந்தேன். என் பின்னால் அழுக்குச் சுவரும் துணிக்கொடியும் தெரியக்கூடாது என்று, புத்தக அலமாரி இருப்பதுபோல ஒரு பொய்ப் படத்தைப் பின்னணியாகப் போட்டிருந்தேன். திரையில் பிள்ளைகளின் முகங்கள் வந்தன, அவர்களுக்குப் பின்னால் அப்பா அம்மாக்களின் தோள்கள். பேச ஆரம்பித்ததும் பயம் போய்விட்டது. என் குரல் எனக்கே பழைய குரலாகக் கேட்டது. பலகையில் ஒரு வட்டம் வரைந்து அதை நாலாகப் பிரிக்கப் போனேன். திரை கறுத்துவிட்டது. கறுப்புத் திரையில், வாய் திறந்தபடி என் முகம்தான் தெரிந்தது.

மறுபடி போட்டால் உயிர் வரவில்லை. தொட்டால் தோசைக்கல். போனில் உள்ளே நுழைந்து நான் மன்னிப்புக் கேட்பதற்குள் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். சென்னைப் பெண்மணி பிறகு கூப்பிட்டார். கடிந்து பேசவில்லை. "உங்க டீச்சிங் நல்லாருக்கு மேடம். ஆனா பாதியில நின்னா பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க. அடுத்த வாரம் இன்னொரு தடவ வச்சித் தரேன். அப்பவும் இதேமாதிரி ஆச்சின்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாளிலிருந்து வைத்தியம் தொடங்கியது. டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராக வைத்தோம். எவர்சில்வர் தாம்பாளத்தின் மேல் வைத்தோம். ஈரத்துண்டை மடித்து அதன் மேல் தாம்பாளம், தாம்பாளத்தின் மேல் லேப்டாப் என்று அடுக்கினோம். வெறும் தரையில் வைத்து நான் குப்புறப் படுத்துக்கொண்டு பாடம் நடத்திப் பார்த்தேன். கணவரின் நண்பர், வோல்டேஜ் பத்தலை, ஸ்டெபிலைசர் போடணும் என்று சொல்லி அனுப்பினார். பக்கத்து வீட்டு அண்ணன், "கடல் காத்தும் கம்பெனிக் காத்தும் சேந்து அடிக்கிற ஊரு இது, இரும்பே இத்துப் போவுது, இது எந்த மூலைக்கு" என்றார். தட்டைக் கழுவிக் கவிழ்க்கும்போது கணவர் விட்ட பெருமூச்சில் 'செகண்ட் ஹேண்ட்' என்று எனக்குத் தெளிவாகக் கேட்டது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிதம்பரத்துக்கு ஓடினேன். கடைக்காரர் வெல்வெட்டைப் பார்த்து, "பட்டுப் பொடவையெல்லாம் கட்டி வச்சிருக்கீங்க" என்று சிரித்தபடி அதை உருவி ஓரமாக வைத்தார். தன் மேஜையிலிருந்த ஒயரைச் சொருகினார். ஓடவிட்டார். நான் முக்காலியில் உட்கார்ந்து அதையே முறைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் காய்ச்சலில் முனகிவிட்டு டாக்டர் முன்னால் சிரித்து விளையாடும் குழந்தையைப்போல, அது ஜம்மென்று ஓடியது. விசிறிச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"ஒண்ணும் இல்லியே மேடம்."

"அப்ப நான் பொய் சொல்றனா?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லல. வீட்ல ஏதோ இருக்கு."

வீட்டில் என்ன இருக்கிறது, நான் இருக்கிறேன். கோபமாகத் திரும்பிவந்தேன். மாமியார் அதற்கு மறுபடி சட்டையை மாட்டிவிட்டார். அன்று சாயந்திரமே பழையபடி சுட்டு, பழையபடி அணைந்தது. ஏதோ கெட்ட நேரம்தான் இப்படிப் படுத்துகிறது என்றார் மாமியார். திருவந்திபுரத்தில் ஒரு அர்ச்சனை செய்து எடுத்துவரலாமா என்றும் கேட்டார். கணக்குப் படித்த நான், அந்த ஒரு நிமிஷம், அதற்கும் தயாராகத்தான் இருந்தேன்.

போனில் கடைக்காரரைப் பிடித்துக் கத்தினேன். அவர் பொறுமையாக, "தனியா லேப்டாப்ப மட்டும் கொண்டாராதீங்க. வீட்ல எப்பிடி வச்சிருப்பீங்களோ, ஒயரு கியரு எல்லாத்தயும் அப்பிடியே அள்ளிக்கினு வாங்க" என்றார். மறுபடி பஸ். இந்த முறை சார்ஜர், நீட்டு ஒயர் பெட்டி, தாம்பாளம் எல்லாம் கட்டைப்பையில். வெல்வெட்டை மட்டும் பஸ்ஸில் அழுக்காகிவிடக் கூடாது என்று கழற்றி மடித்து அடியில் வைத்திருந்தேன்.

சார்ஜரைக் கையில் எடுத்ததும் கடைக்காரரின் முகம் மாறியது. அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தார். நெற்றியில் அடித்துக்கொண்டார். "மேடம், தப்பு எங்களுது. இது வேற சின்ன மாடலோடது. இது தர்ற கரண்ட் இந்த மெஷினுக்குப் பத்தாது. ஓடவும் செய்யணும், சார்ஜும் ஏறணும்னா இது எங்க போவும்?" என்றார். சரியான சார்ஜரை எடுத்துவந்து, பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். அன்றைக்கு முதன்முதலாக எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. கோபப்படக்கூட மறந்துவிட்டேன்.

"ஆனா இவ்ளோ சூட்டுக்கு இது மட்டும் காரணமா இருக்காது. தொறந்தே பாத்துடறேன்" என்று அடிமூடியைக் கழற்றினார். உள்ளே விசிறியைச் சுற்றியும், காற்று வெளியேறும் பல்வரிசையிலும், அரக்கு நிறத்தில் பூம்பஞ்சு படிந்திருந்தது. ஒரு சின்ன பிரஷ்ஷால் அவர் அதைச் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார்.

"நாங்க சுத்தம் பண்ணித்தான குடுத்தோம்? இந்தக் கலர்ல பஞ்சு எங்கேர்ந்து வருது?"

அடியில் வரிசையாக இருந்த துளைகளைப் பார்த்தேன். அது மூச்சை உள்ளே இழுப்பது அந்த வழியாக. பக்கவாட்டில் இருந்த வாயைப் பார்த்தேன். விடுவது இந்த வழியாக. இரண்டையும் பஞ்சு வைத்து, ஜரிகை வைத்து, நாங்கள் அழகாக அடைத்திருக்கிறோம். இந்தக் கடையில் ஒவ்வொரு தடவையும் அது சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் ஓடியது. ஃபேன் வைத்தேன், தாம்பாளம் வைத்தேன், ஊர்க் காற்றைக் குறை சொன்னேன். அந்தச் சட்டையைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உறை என்றால் பாதுகாப்பு என்று எங்கள் வீட்டில் அப்படி ஊறிப்போயிருக்கிறது.

போன தடவை தன் கையால் உருவிய சட்டை அவருக்கு நினைவில்லை. "எங்க ஊர்ல காத்து ஜாஸ்தி" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, பையில் இருந்த வெல்வெட்டை இன்னும் ஆழமாக உள்ளே தள்ளினேன். என் மாமியாரை நான் வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் கிண்டல் செய்வேன். வெளியாள் ஒருவர் சிரிக்க விடமாட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்றே யோசனை. தைத்தபோது அவர் முகத்தில் இருந்த பூரிப்பு கண்ணிலேயே நின்றது. சொல்லாமலே சமாளித்துவிடலாம் என்று முடிவுசெய்தேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு ஒத்திகை பார்ப்பேன். முடிந்ததும் மாட்டிவிடுவேன். லேப்டாப் குளிர்ந்த உடம்போடு சமர்த்தாக ஓடியது. நான்தான் திருட்டுத்தனமாக ஓடிக்கொண்டிருந்தேன். மாமியாருக்கா தெரியாது? டெமோவுக்கு முந்தின நாள், காப்பியோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். வெறும் உடம்போடு லேப்டாப். தலையணைக்கு வெளியே ஜரிகை நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, அது இன்னா பண்ணிச்சி ஒன்ன? புடிக்கலன்னா சொல்ல வேண்டியதுதான?"

மெல்லச் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. "அதாலதான் அத்த எல்லாமே! அதுக்கு மூச்சே வுட முடியல. ஒங்க பஞ்சு உள்ள போயி விசிறிய அடைச்சிக்கிச்சி. அன்னிக்கி பாதியில நின்னதும் அதாலதான்!" என்று வெடித்துவிட்டேன்.

அவர் காப்பியைக் கீழே வைத்தார். லேப்டாப்பைத் தூக்கிச் சாய்த்து அடியில் பார்த்தார். துளைகள்மேல் விரலை ஓட்டினார். பிறகு அந்த உறையைத் திருப்பி, பஞ்சு தைத்த இடத்தைப் பார்த்தார். உறையைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார். காப்பி ஆறிப்போனது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் என் தட்டில் குழம்பு ஊற்றினாரே தவிர, என் முகத்தைப் பார்க்கவில்லை.

காலையில் எழுந்து கூடத்துக்கு வந்தால் வீடே வேறு வீடாக இருந்தது. டீவி வெறும் டீவியாக நின்றது. மிக்ஸியின் நிறம் வெள்ளை என்பதே எனக்கு மறந்திருந்தது. ஃபிரிட்ஜுக்குத் தலைவிரிப்பு இல்லை. மாமியார் ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இதுவும்தான் எத்தினி வருஷமா பொத்திக்கினு கெடக்குது, பாவம். வாய் இருக்குதா சொல்றதுக்கு?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, "மொதல் நாளே சொல்லியிருந்தா மொதல் நாளே கழட்டியிருப்பேன். நீ வேலைக்குப் போறது பெருசா, ஒரு முழத் துணி பெருசா?" என்றார். நான் அவரைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டேன். "சிலிண்டர் பாவாட மட்டும் இருக்கட்டும் அத்த, அசிங்கமா இருக்கும்" என்றேன். "ச்சீ போ" என்றார். சிரித்துவிட்டார்.

மீதி இருந்ததை நானே சரிசெய்தேன். திறந்து வைத்திருந்த தேவையில்லாத பக்கங்களை எல்லாம் மூடினேன். திரையின் வெளிச்சத்தைக் குறைத்தேன். அந்தப் பொய்ப் புத்தக அலமாரியை எடுத்ததும் லேப்டாப்பின் இரைச்சல் பாதியாகக் குறைந்தது. என் சுவரை மறைக்க அது அவ்வளவு பாடுபட்டிருக்கிறது. போகட்டும், சுவர் தெரிந்தால் தெரியட்டும் என்று துணிக்கொடியை மட்டும் அவிழ்த்தேன். அடியில் காற்றுப் போக, இரண்டு பக்கமும் கணக்குப் புத்தகங்களை முட்டுக்கொடுத்துத் தூக்கி வைத்தேன்.

சாயந்திரம் வகுப்பு தொடங்கியது. போன தடவை இருந்தவர்களில் சிலரைக் காணவில்லை. இருந்த பெற்றோர்களும் கொஞ்சம் விறைப்பாகவே உட்கார்ந்திருந்தார்கள். பாதி நேரம் நன்றாகப் போனது. அப்போது ஒரு சின்னப் பெண் கையைத் தூக்கினாள். "மிஸ், மூணை அரையால வகுத்தா ஆறு வருதுன்றீங்க. வகுத்தா கம்மிதானே ஆகணும்? எப்படி மிஸ் அதிகமாகும்?" என்றாள். நல்ல கேள்வி. நான் வாயைத் திறந்தேன். கரண்ட் போய்விட்டது.

தெருவே இருட்டானது. எனக்கு நெஞ்சு நின்றுவிட்டது. ஆனால் லேப்டாப் நிற்கவில்லை. முழுச் சார்ஜோடு, சத்தமில்லாமல், பிள்ளைகளின் முகங்களை அப்படியே காட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ், உங்க மூஞ்சி தெரியல."

நான் என்ன செய்வது என்று தடுமாறுவதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. மாமியார் தன்னுடைய பட்டன் போனின் டார்ச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எப்போது உள்ளே வந்தார் என்றே எனக்குத் தெரியாது. பேசு பேசு என்று கண்ணாலேயே சொன்னார்.

பேசினேன். "மூணு தோசை இருக்குது. ஆளுக்கு ஒரு தோசைன்னா எத்தனை பேர் சாப்பிடலாம்? மூணு பேர். ஆளுக்குப் பாதிப் பாதின்னு குடுத்தா?" அந்தப் பெண் விரலை மடித்தாள். "ஆறு பேர்." "பங்கு சின்னதாச்சு. அப்ப பந்தியில உட்கார்ற ஆளு?" அவள் கண் விரிந்தது. "அதிகமாகும்!" என்று கத்தினாள். அவள் பின்னால் இருந்த அப்பா முதல் முறையாகச் சிரித்தார்.

வகுப்பு முடியும்வரை கரண்ட் வரவில்லை. மாமியார் வலது கை வலித்தால் இடது கைக்கு மாற்றினார், இடது வலித்தால் வலதுக்கு. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கையசைத்துப் போனதும் சென்னைப் பெண்மணி மட்டும் திரையில் இருந்தார். "திங்கக்கிழமை ஆரம்பிச்சிடலாமா மேடம்?" என்று கேட்டார். சரி என்று சொன்னேன். லேப்டாப்பை மூடினேன். கை வைத்துப் பார்த்தேன். லேசான சூடு, அவ்வளவுதான்.

"முடிஞ்சிடுச்சி அத்த. கைய எறக்குங்க. வேல கெடச்சிடுச்சி."

அவர் கையை இறக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் அஞ்சாவதோட நின்னவ. எனக்கே புரிஞ்சிடுச்சி" என்றார். "இப்பிடிச் சொல்லித்தரத் தெரிஞ்சத உள்ளயே வச்சிக்கினா எங்களுக்கு இத்தினி வருஷம் சோறு வடிச்சிக்கினு கெடந்த?"